அம்மியா, தோசைக்கல்லா? புதிய ரைஃபிள் குழலைப் பழக்கும் சடங்கு

அமெரிக்காவில் விஸ்கான்சினிலோ டெக்சாஸிலோ துப்பாக்கி சுடும் திடல் ஒன்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், இந்தக் காட்சி கண்ணில் படலாம். ஒருவர் புத்தம்புது ரைஃபிளை மேசைமேல் மணல் மூட்டையில் சாய்த்து, ஒரே ஒரு முறை சுடுவார். உடனே குழலின் பின்பக்கத்தை அடைக்கும் போல்ட்டை உருவி வைத்துவிட்டு, நீளமான கம்பியின் முனையில் துணித்துண்டைக் குத்தி, துடைப்பு மருந்தில் நனைத்துக் குழலுக்குள் விடுவார். துணி, பிரஷ், மறுபடி துணி. கால் மணி நேரம் கழித்து இரண்டாவது வெடி. மறுபடி கம்பி. பக்கத்து மேசைக்காரர் ஒரு பெட்டித் தோட்டாவைக் காலி செய்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பும்போது, நம்மவர் நான்காவது வெடியில் இருப்பார்.

இதைக் குழலைப் பழக்குவது என்கிறார்கள். விஸ்கான்சினின் க்ரீகர் நிறுவனம், உலகின் பெயர்பெற்ற குழல் தயாரிப்பாளர்களில் ஒன்று, தன் வாடிக்கையாளர்களுக்குச் சொல்லும் கணக்கு இது: துருப்பிடிக்காத எஃகுக் குழல் என்றால் ஒரு வெடிக்கு ஒரு துடைப்பு, ஐந்து முறை; பிறகு மூன்று வெடிக்கு ஒரு துடைப்பு, ஒரு முறை; பிறகு ஐந்து வெடிக்கு ஒன்று. குரோம்-மாலிப்டினம் எஃகு என்றால் அந்த ஒற்றை வெடிச் சுற்றே ஐந்திலிருந்து இருபத்தைந்து வரை போகலாம். ஒரு முழு விடுமுறை நாள் போய்விடும். செய்தால் குழல் வாழ்நாள் முழுக்கச் சுத்தமாக இருக்கும், துல்லியமாகச் சுடும் என்று ஒரு கூட்டம் சத்தியம் செய்கிறது. வெறும் மூடநம்பிக்கை என்று இன்னொரு கூட்டம் சிரிக்கிறது.

நம் வீடுகளிலும் பழக்குவது உண்டு, அதில் இரண்டு விதம் உண்டு. புது இரும்புத் தோசைக்கல்லுக்கு எண்ணெய் தடவி, சூடேற்றி, அரை வெங்காயத்தால் தேய்த்து, மேலே ஒரு படலம் ஏறும்வரை பழக்குவோம். புதிதாகக் கொத்திய அம்மிக்கு வேறு வைத்தியம். தவிடோ நொய்யோ வைத்து அரைத்து, அரைத்ததை வழித்துக் கீழே கொட்டுவோம். கல்தூள் வருவது நிற்கும்வரை அதில் சட்னி கிடையாது. தோசைக்கல்லில் ஒன்று ஏற வேண்டும், அம்மியிலிருந்து ஒன்று போக வேண்டும். ரைஃபிள் குழலில் நடப்பது இதில் எது என்று பிரித்துப் பார்க்காததால்தான் இந்தச் சண்டை பாதி ஓடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

முதலில் குழலுக்குள் எட்டிப் பார்ப்போம். மிகப் பரவலான .308 ரகத்தை எடுத்துக்கொள்வோம். குழலின் உட்சுவரில் திருகாக ஓடும் மேடுகளும் பள்ளங்களும் இருக்கும். எதிரெதிர் மேடுகளுக்கு இடையே 7.62 மி.மீ., பள்ளங்களுக்கு இடையே 7.82 மி.மீ. ஆக, ஒரு பள்ளத்தின் ஆழம் 0.1 மி.மீ., சாதாரணக் காகிதத் தாளின் கனம். குண்டின் விட்டமோ 7.82 மி.மீ. அது மேடுகளுக்கு நடுவே நுழைய வேண்டுமானால், மேடுகள் அதன் உடம்பில் வரி கீறித்தான் ஆக வேண்டும். பின்னால் வளிமண்டல அழுத்தத்தைப் போல நாலாயிரம் மடங்கு அழுத்தம் தள்ளுகிறது. குழலைக் கடக்க அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். 305 மி.மீ.க்கு ஒரு சுற்று என்று திருகு வெட்டிய குழலிலிருந்து நொடிக்கு 800 மீட்டர் வேகத்தில் வெளியே வரும் குண்டு, நொடிக்கு 2,600 தடவைக்கு மேல் தன்னைத்தானே சுற்றிக்கொண்டு பறக்கும். இத்தனை வன்முறையையும் தாங்கும் அந்த உட்சுவர் வழவழப்பாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயம்தான்.

அந்தச் சுவர் உருவாகும் விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. உருட்டு எஃகுத் தண்டில் நீளத் துளை போட்டு, ரீமர் என்னும் துளை சீவும் கருவியால் அளவுக்குக் கொண்டுவந்து, பிறகு அந்தத் திருகு வரிகளைப் போடுவார்கள். வரி போடுவதற்கு முக்கியமாக மூன்று வழி. க்ரீகர் போன்றவர்கள் பின்பற்றும் பழைய வழியில், ஒற்றைப் பல் கொண்ட வெட்டுக்கருவி ஒவ்வொரு இழுப்பிலும் இரண்டு, மூன்று மைக்ரான் மட்டும் சீவும். நூற்றுக்கணக்கான இழுப்புக்குப் பிறகே பள்ளம் முழுமையாகும். இரண்டாவது, கார்பைடால் ஆன வரியுள்ள குமிழைத் துளைக்குள் இழுத்து, எஃகைச் சீவாமல் நெருக்கியே வரி பதிப்பது. ஒரே இழுப்பில் வேலை முடியும், ஆனால் எஃகுக்குள் இறுக்கம் தங்கும். சூளையில் வைத்து அதைத் தளர்த்த வேண்டும். மூன்றாவது, இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மனியில் இயந்திரத் துப்பாக்கிகளுக்காக வளர்ந்த முறை. வரிகளின் எதிர்வடிவம் கொண்ட உள்தண்டைச் சொருகி, வெளியிலிருந்து சுத்தியல்களால் அடித்து எஃகை அதன்மேல் இறுக்குவார்கள்.

எந்த வழியானாலும் கருவித் தடமும் பிசிறும் மிஞ்சும். லேத் பட்டறைப் பக்கம் போனவர்களுக்குப் பிசிறு என்றால் விளக்க வேண்டியதில்லை. நல்ல தயாரிப்பாளர்கள் இதற்கு ஒரு வேலை செய்வார்கள். குழலுக்குள் கம்பியை விட்டு, அதைச் சுற்றி ஈயத்தை உருக்கி ஊற்றி, குழலின் வடிவத்தையே அச்சாக எடுத்துவிடுவார்கள். அந்த ஈயக் கட்டையில் தேய்ப்புப் பசையைத் தடவி, கையாலேயே முன்னும் பின்னும் இழுப்பார்கள். இப்படித் தேய்த்த குழலின் மேடுபள்ளம் 0.4 மைக்ரானுக்குள் வந்துவிடும். அதைவிட முக்கியம், மிஞ்சியிருக்கும் மெல்லிய கீறல்கள்கூட நீளவாக்கில், குண்டு போகும் திசையிலேயே இருக்கும். மரத்தை வரியோடு இழைத்த மாதிரி.

இத்தனை பாடுபட்டுத் தேய்த்த குழல் அடுத்து துப்பாக்கிக் கொல்லரிடம் போகிறது. தோட்டா உட்காரும் அறையை அவர் வெட்ட வேண்டும். அதற்கு அவர் எடுப்பது சுழலும் ரீமர். அறையை வெட்டுவதோடு, குண்டு வரிகளைச் சந்திக்கும் சரிவான பகுதியையும் அதே ரீமர்தான் வெட்டுகிறது. அந்தப் பகுதிக்குத் தொண்டை என்று பேர். ரீமர் வட்டமாகச் சுழல்கிறது, ஆகவே அதன் தடமும் வட்டமாக, குண்டு போகும் திசைக்கு நேர் குறுக்கே விழுகிறது. வரிக்குக் குறுக்கே இழைத்த பலகை. ஒவ்வொரு மேட்டின் தொடக்கத்திலும் ஒரு சின்னப் பிசிறு வேறு. அறுநூறு மி.மீ. நீளத்துக்குப் பட்டுப் போலத் தேய்த்த சுவரில், அழுத்தமும் வெப்பமும் உச்சத்தில் இருக்கும் அந்தச் சில மி.மீ. மட்டும் அரம். தேய்ப்பு வேலை முன்னாலும் அறை வெட்டு பின்னாலும் வருவதால் இந்த முரண் தவிர்க்க முடியாதது.

குழலைப் பழக்குவது என்று பொதுவாகச் சொன்னாலும், பழக்கப்படுவது இந்தத் தொண்டைதான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் மிச்ச வாதங்களை எடை போடுவது எளிது.

இனி செம்பு. இன்றைய ரைஃபிள் குண்டுகளின் மேலுறை பெரும்பாலும் 95 பங்கு செம்பும் 5 பங்கு துத்தநாகமும் கலந்த உலோகம். தொண்டையின் குறுக்குத் தடங்களில் அது உரசும்போது செம்பு சுரண்டப்படுகிறது. க்ரீகர் தரும் விளக்கப்படி, சுரண்டிய செம்பு பின்னால் வரும் வாயுவின் வெப்பத்தில் ஆவியாகி, குழலின் நீளத்துக்கும் போய்ப் படிகிறது. அடுத்த குண்டு அந்தப் படிவின் மேலேயே போகிறது. செம்பு எஃகில் ஒட்டுவதைவிடச் செம்பில் நன்றாக ஒட்டும். பானையடிக் கரி மேல் கரி பிடிப்பது போல, முதல் படிவை விட்டுவிட்டால் இரண்டாவது அதன்மேல் வேகமாக ஏறும். ஆகவே தொண்டை வழவழப்பாகும்வரை ஒவ்வொரு வெடிக்கும் துடைத்துவிடு. தொண்டை செம்பைச் சுரண்டுவதை நிறுத்தியதும் நீயும் நிறுத்திக்கொள். இதுதான் அவர்கள் தர்க்கம், அம்மியின் தர்க்கம். தவிடு அரைத்துக் கொட்டு, கல்தூள் நின்றதும் சமையலைத் தொடங்கு.

செம்புப் படிவின் மேல் துப்பாக்கிக்காரர்களுக்கு இருக்கும் அச்சம் நேற்று வந்ததில்லை. அதற்கு ஒரு நூற்றாண்டுக் கதை இருக்கிறது. கொஞ்சம் விலகிப் போய்ப் பார்க்கலாம். 1906இல் அமெரிக்க ராணுவம் எடுத்துக்கொண்ட .30 ரகத் தோட்டாவின் குண்டுக்கு மேலுறை செம்பும் நிக்கலும் கலந்தது. நொடிக்கு 800 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் அந்த உலோகம் குழலில் கட்டி கட்டியாக ஒட்டிக்கொண்டது, அதுவும் வாய்ப்பக்கத்தில். சாதாரணத் துணிக்கு அசையாது. குழலின் பின்பக்கத்தைத் தக்கையால் அடைத்து, முன்வாயில் ரப்பர் குழாய் மாட்டி, காட்டமான அமோனியாவும் அமோனியம் பெர்சல்ஃபேட்டும் கலந்த கரைசலை ஊற்றி ஊறவைப்பார்கள். கரைசல் எங்கேயாவது காய்ந்துபோனால் எஃகு துருப்பிடித்து நாசம். குண்டுகளுக்கு மசகு தடவிச் சுடுவதும் பழக்கமாயிற்று.

பிரான்ஸ்காரர்கள் முதல் உலகப் போரிலேயே ஒன்றைக் கண்டிருந்தார்கள்: வெடிமருந்தோடு கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்தால் பீரங்கிக் குழலில் செம்பு ஒட்டுவது குறையும். அமெரிக்கர்கள் இதை நீட்டித்து, 1921 தேசியப் போட்டிக்காக பிலடெல்ஃபியாவின் ஃபிராங்க்ஃபோர்ட் ஆயுதசாலையில் வெள்ளீயம் பூசிய குண்டுகளையே செய்தார்கள். படிவுப் பிரச்சினை போனது. ஆனால் பெட்டியில் இருக்கும்போதே வெள்ளீயம், பித்தளைத் தோட்டாவின் கழுத்தோடு பற்றுவைத்தது போல ஒட்டிக்கொண்டது. அதன்மேல் சிலர் பழைய வழக்கப்படி மசகையும் தடவினார்கள். இரண்டும் சேர்ந்து அழுத்தம் எகிறியதில் துப்பாக்கிகள் சேதமாயின. அடுத்த ஆண்டே செம்பு-துத்தநாக மேலுறை வந்தது. நூறு ஆண்டாக அதுவே நிற்கிறது. பழைய நிக்கல் கட்டியோடு ஒப்பிட்டால் இன்றைய செம்புப் படிவு வெறும் சாயம். பயம் மட்டும் பழைய அளவிலேயே தங்கிவிட்டது.

சரி, எல்லாத் தயாரிப்பாளர்களும் க்ரீகரைப் போலச் சொல்கிறார்களா? டெக்சாஸின் ஷைலன் நிறுவனம் மனம்விட்டுப் பேசியிருக்கிறது. எங்களிடம் ஒரு பழக்கும் முறை இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர்கள் நினைத்ததால்தான் ஒன்றை வகுத்தோம், எங்களைக் கேட்டால் இது பெரிய விஷயமே இல்லை என்பது அவர்கள் வெளிப்படையாகவே சொன்னதன் சாரம். சொல்லிவிட்டு, முதல் ஐந்து வெடிக்கு வெடிக்கொரு துடைப்பு, அடுத்த ஐம்பதுக்கு ஐந்துக்கொன்று என்று ஒரு கணக்கையும் கொடுத்துவிட்டார்கள். பத்தியம் கேட்கும் நோயாளிக்கு மருத்துவர் எதையாவது சொல்லி அனுப்புவது போல.

அரிசோனாவில் குழல்களும் துப்பாக்கிக் கட்டைகளும் செய்து புகழ்பெற்ற கேல் மக்மில்லன் இன்னும் ஒருபடி மேலே போனார். குழலுக்கு ஆயுள் எண்ணிக்கை உண்டு. பழக்குகிறேன் என்று சுடும் ஒவ்வொரு குண்டும் அந்த ஆயுளிலிருந்து போவது. அதனால் லாபம் அடுத்த குழலை விற்கப்போகிறவருக்கே என்பது அவருடைய குத்தல். குழல் விற்பவரே இப்படிச் சொன்னதால் அது வேகமாகப் பரவியது. கணக்காகப் பார்த்தால் அந்தக் குத்தலில் சரக்கு குறைவு. இரண்டாயிரம், மூவாயிரம் வெடி தாங்கும் குழலில் ஐம்பது போவது நூற்றுக்கு இரண்டு. அந்த ஐம்பதையும் யாரும் வானத்தைப் பார்த்துச் சுடுவதில்லை. தொலைநோக்கியைச் சரிசெய்வதும் தோட்டா ரகங்களைச் சோதிப்பதும் அதிலேயே நடக்கும். உண்மையில் விரயமாவது நேரம்.

மக்மில்லனைவிட வலுவான ஆட்சேபம் உலோகவியலிலிருந்து வருகிறது. செம்பு மேலுறை மிருது, குழல் எஃகு அதைவிடப் பல மடங்கு கடினம். மிருதுவானது கடினமானதை எப்படி மெருகேற்றும்? எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்போம், ஆனால் எறும்புக்கு ஊர வேண்டிய காலம் வேண்டுமே. இருபது வெடியில் செம்பு மட்டும் பெரிதாக ஒன்றும் தேய்த்துவிட முடியாது. தொண்டையை மாற்றுவதில் பெரும்பங்கு வாயுவுடையது. இரண்டாயிரத்து ஐந்நூறு டிகிரி செல்சியஸைத் தாண்டும் எரிவாயு ஒரு கணம் சுவரில் அறைகிறது. மேல்தோல் சூடாகி விரிகிறது, அடுத்த கணம் ஆறிச் சுருங்குகிறது. கூர்மையான பிசிறும் ரீமர் தடத்தின் முகடும் முதலில் பலியாகும், ஏனென்றால் மெல்லிய விளிம்புதான் முதலில் சூடேறும். பற்றவைக்கும் தொப்பியின் சேர்மானத்திலிருந்து வரும் கடினமான துகள்களும் கூடவே உரசிப் போகின்றன. தொடர்ந்து சுடச் சுட, வறண்ட ஏரிப் படுகை மாதிரி வெடிப்பு வலை தொண்டையில் விரியத் தொடங்கும். துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் இது நடக்கும். அதாவது, நீங்கள் பழக்காவிட்டால் குழல் தன்னைத்தானே பழக்கிக்கொள்ளும்.

இதற்குத் தனிச் சான்று ஒன்று உண்டு. வேகமானி வைத்துச் சுடுபவர்கள் எல்லோரும் பார்ப்பது: புதுக் குழலில் முதல் நூறு, நூற்றைம்பது வெடிக்குள் அதே தோட்டாவின் வேகம் படிப்படியாகக் கூடும், பிறகு ஓரிடத்தில் நிலைகொள்ளும். அதனால்தான் போட்டியாளர்கள் அந்த எண்ணிக்கை தாண்டும்வரை தங்கள் தோட்டாவின் வெடிமருந்து அளவை முடிவுசெய்வதில்லை. பழக்கும் காலம் என்று ஒன்று உண்மையிலேயே இருப்பதற்கு இதைவிட நேரடியான அறிகுறி எனக்குத் தெரிந்து இல்லை. வெடிக்கொரு தரம் துடைத்தவர் குழலிலும் துடைக்காதவர் குழலிலும் வேகம் இப்படி ஏறுகிறது என்பதையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும்.

பிறகு ஏன் இத்தனை பேர், பழக்கினேன், குழல் பிரமாதமாகச் சுடுகிறது என்கிறார்கள்? பொய் சொல்கிறார்கள் என்று அர்த்தமில்லை. ஒரு குழலை ஒரே ஒரு முறைதான் தொடங்க முடியும். பழக்கிய குழல் பழக்காமல் விட்டிருந்தால் எப்படிச் சுட்டிருக்கும் என்று பார்க்க வழியில்லை. ஒரே நிறுவனத்தின் அடுத்த குழலை எடுத்தாலும் அது வேறு குழல், தனித்தனிச் சுபாவம். இன்னொன்று, துல்லியத்தை அவர்கள் அளக்கும் விதம். ஐந்து குண்டுகளைச் சுட்டு, அதில் மிக விலகிய இரண்டு துளைகளுக்கு இடையே உள்ள தூரத்தை அளப்பார்கள், என்.சி.சி.க்காரர்கள் குரூப்பிங் என்று சொல்வது இதைத்தான். எந்த மாற்றமும் இல்லாத அதே துப்பாக்கி, அதே தோட்டா, அதே கை என்றாலும் இந்த ஐந்து வெடிக் குரூப் சராசரியிலிருந்து கால் பங்கு மேலும் கீழும் போவது சர்வசாதாரணம். மூன்று வெடிக் குரூப் இன்னும் மோசம். பழக்கியதற்கு முன் ஒரு குரூப், பின் ஒரு குரூப் என்று வைத்துக்கொண்டு முன்னேற்றம் கண்டேன் என்றால், நாணயத்தை இரண்டு தடவை சுண்டிவிட்டு அதன் குணத்தைப் பேசுவது போலத்தான். வித்தியாசத்தை நம்பிக்கையோடு சொல்ல வேண்டுமானால் பல குழல்கள், ஒவ்வொன்றிலும் பல பத்து வெடிகள் வேண்டும். அந்தச் செலவைச் செய்ய மனம் வருகிறவர் அரிது.

கண்ணால் பார்த்துவிடலாமே என்றால், இப்போது அதுவும் முடியும். முன்பு குழலுக்குள் எட்டிப் பார்க்கும் போர்ஸ்கோப் வசதி படைத்த கொல்லர்களிடம் மட்டும் இருந்தது. சில ஆண்டுகளாகச் சீனாவில் செய்த கேமராக் கம்பி நூறு டாலருக்குள் கிடைக்கிறது. போனில் மாட்டினால் உட்சுவர் முழுக்கத் திரையில் தெரியும். இதனால் ஒரு நன்மை, தொண்டைத் தடங்களையும் செம்புக் கோடுகளையும் ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு தொல்லையும் உண்டு. பல மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால் எந்தக் குழலும் கரடுமுரடான கிணற்றுச் சுவர் போலத்தான் தெரியும். நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்த துப்பாக்கியைக் கேமராவில் பார்த்துக் கலங்கிப்போய், தேய்த்தே கெடுத்தவர்கள் உண்டு.

தேய்த்துக் கெடுப்பது என்று சும்மா சொல்லவில்லை. துடைக்கும் கம்பியால் வரும் சேதத்துக்குப் பழைய வரலாறு இருக்கிறது. லீ என்ஃபீல்ட் .303 துப்பாக்கியைச் சிப்பாய்கள் கயிற்றின் முனையில் துணி கட்டி உள்ளே இழுத்துத் துடைப்பார்கள். நம் என்.சி.சி. முகாம்களில் கயிற்றை ஃபுல் த்ரூ, துணியைச் சிந்தி என்று சொல்லிக்கொடுப்பது இதையேதான். மண் ஒட்டிய கயிறு நாளுக்கு நாள் ஒரே பக்கமாக உரச, குழலின் வாய் விளிம்பில் பள்ளம் விழும். பிரிட்டிஷ் ஆயுதப் பணியாளர்கள் இதைக் கயிற்றுத் தேய்மானம் என்றே பெயரிட்டு அழைத்தார்கள். அமெரிக்காவின் எம்1 காரண்ட் ரைஃபிளைப் பின்பக்கத்திலிருந்து துடைக்க வழியில்லை. இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமாகவே விட்டு விட்டு, சுட்டதால் தேய்ந்ததைவிடத் துடைத்ததால் தேய்ந்த குழல்கள் ஏராளம். குண்டு கடைசியாகத் தொட்டு விலகும் இடம் அந்த விளிம்பு. அங்கே ஒரு பக்கம் தேய்ந்தால் வாயு ஒரு பக்கமாக முந்திக்கொண்டு குண்டைத் தள்ளும்.

பழக்கும் சடங்கில் ஒரே நாளில் கம்பி இருநூறு, முந்நூறு தடவை உள்ளே போய் வருகிறது. ஒரே நீளமான, பூச்சுள்ள கம்பி, பின்பக்கத்தில் கம்பியை நேராகப் பிடிக்கும் வழிகாட்டிக் குழாய், வாயைத் தாண்டியதும் துணியைக் கழற்றிவிட்டு மெதுவாகத் திரும்ப இழுப்பது, இவை இருந்தால் கவலையில்லை. மூன்று துண்டாகத் திருகி மாட்டும் மலிவுக் கம்பியோடு இந்தச் சடங்கைச் செய்வதைவிடச் செய்யாமலே இருக்கலாம். தொண்டையைப் பழக்கப் போய் வாயைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

கடையில் வாங்கும் ரைஃபிளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். முதல் வெடி உங்களுடையது என்று நினைத்தால் அது தவறு. ஜெர்மனியின் உல்ம், பிரிட்டனின் பர்மிங்காம் போன்ற இடங்களில் இருக்கும் சோதனைக் கூடங்களில், வழக்கமான உச்ச அழுத்தத்தைவிடக் கால் பங்கு கூடுதலான தோட்டாவை வைத்துச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்திய பிறகே துப்பாக்கி விற்பனைக்கு வரும். அமெரிக்காவில் சட்டக் கட்டாயம் இல்லை, தயாரிப்பாளர்களே அதைச் செய்துகொள்கிறார்கள். சிலர் கூடவே மூன்று, ஐந்து குண்டுகளைச் சுட்டு அந்த அட்டையையும் பெட்டியில் வைத்து அனுப்புகிறார்கள். அந்தச் செம்பை யாரும் துடைத்திருக்க வேண்டிய அவசியமில்லை. மாதக்கணக்கில் அது உள்ளே உட்கார்ந்திருக்கும். ஆகவே பழக்குகிறவரோ பழக்காதவரோ, சுடுவதற்கு முன் ஒரு தரம் நன்றாகத் துடைப்பது எல்லோருக்கும் பொது.

எல்லாக் குழலுக்கும் ஒரே பத்தியம் இல்லை என்பதும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். சுத்தியல் அடி முறையில் சில நிறுவனங்கள் தோட்டா அறையையும் தொண்டையையும் வரிகளோடு சேர்த்தே அடித்து உருவாக்குகின்றன; ரீமர் தடமே இல்லாத இடத்தில் எதைப் பழக்குவது? ராணுவ ரைஃபிள்கள் பலவற்றுக்கு உள்ளே கடின குரோமியம் பூசியிருக்கும். இருபது வெடியால் அதை ஒன்றும் செய்ய முடியாது, சிப்பாய்க்கு யாரும் இந்தச் சடங்கைச் சொல்லிக்கொடுப்பதும் இல்லை. கையால் தேய்த்த விலையுயர்ந்த குழலில் நல்ல கொல்லர் கூர்மையான ரீமரால் அறை வெட்டியிருந்தால் ஐந்தாறு வெடியில் வேலை முடிந்துவிடும். பிசிறு மிகுந்த மலிவான குழல்தான் நெடுநேரம் முரண்டு பிடிக்கும். அப்படிப்பட்டதற்குப் ரைஃபிள் சுடுவதில் பதினொரு முறை அமெரிக்கத் தேசிய சாம்பியனான டேவிட் டப் தேய்ப்புத் தூள் பதித்த குண்டுகளையே விற்பனைக்குக் கொண்டுவந்தார். கரடானதில் தொடங்கி நைசானதில் முடியும் வரிசையாகச் சுட்டுத் தேய்ப்பது. எஃகை எஃகைவிடக் கடினமானதால் தேய்ப்பது என்பதால் இது நிச்சயம் வேலை செய்யும். தேவைக்கு மேல் வேலை செய்துவிடும் என்பதுதான் அதன் ஆபத்து.

தோசைக்கல்லை மறந்துவிட்டோம். அது .22 ரகத்துக்கு உரியது. ஒலிம்பிக் 50 மீட்டர் போட்டியிலும் என்.சி.சி. திடலிலும் சுடும் சின்னத் தோட்டா. அந்தக் குண்டுக்குச் செம்பு மேலுறை கிடையாது. வெறும் ஈயம், மேலே மெழுகோ மசகோ பூசியது. வேகமும் ஒலியின் வேகத்தை ஒட்டித்தான், அழுத்தமும் குறைவு. அங்கே குழல் முழுவதும் மசகின் மெல்லிய படலம் ஒன்று சீராகப் பரவினால்தான் குண்டுகள் ஒரே இடத்தில் விழத் தொடங்கும். பளபளவென்று துடைத்து வைத்தால் முதல் பத்து, இருபது குண்டு அலையும். படலம் மீண்டும் ஏறியதும் அடங்கும். மசகின் வகையை மாற்றினால், அதாவது வேறு நிறுவனத்துத் தோட்டாவுக்கு மாறினால், மறுபடி முதலிலிருந்து. அதனால் .22 போட்டியாளர்களில் பலர் குழலைத் துடைக்கத் தயங்குவார்கள். தோசைக்கல்லைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் பாட்டி திட்டுவது போன்ற விவகாரம் அது. இந்த அனுபவத்தை அப்படியே பெரிய ரைஃபிளுக்குச் சொல்கிறவர்களும், பெரிய ரைஃபிளின் துடைப்புப் பத்தியத்தை .22க்குச் சொல்கிறவர்களும் ஒரே திடலில் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்தால் எப்படி ஒத்துப்போவார்கள்?

பெரிய ரைஃபிளிலும்கூட முழுச் சுத்தம் நல்லதில்லை என்பதை வேட்டைக்காரர்கள் அறிவார்கள். துடைத்து எண்ணெய் போட்ட குழலின் முதல் வெடி கொஞ்சம் விலகித்தான் போகும். அதனால் பருவம் தொடங்குமுன் ஓரிரு வெடி சுட்டு அழுக்காக்கி வைத்துக்கொண்டே காட்டுக்குப் போவார்கள். மேசையில் சாய்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் கணக்கில் சேராத ஒன்றிரண்டு வெடியை முதலில் சுட்டுக்கொள்கிறார்கள். அம்மியாகத் தொடங்கிய குழல், பிற்பாடு கொஞ்சம் தோசைக்கல்லாகவும் மாறிக்கொள்கிறது.

நான் எந்தப் பக்கம் என்று கேட்டால்: நல்ல கம்பி கையில் இருந்தால், முதல் பத்து வெடிவரை ஒன்று, மூன்று, ஐந்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே துடைத்துப் பார்ப்பதில் நட்டமில்லை. அதிலிருந்து தெரிந்துகொள்வதற்கும் ஒன்று உண்டு. வெடிக்கு வெடி செம்பு குறைகிறதா என்று பார்க்கலாம். குறைந்துவிட்டால் அட்டவணையில் இன்னும் பதினைந்து பாக்கி என்றாலும் நிறுத்திவிடலாம். இருபதாவது வெடியிலும் குறையவில்லை என்றால், குறை குழலிலோ அறை வெட்டிலோ இருக்கிறது, இன்னும் இருபது துடைப்பு அதைத் தீர்க்கப்போவதில்லை. எண்ணிக்கையை நிறுவனம் சொல்லக் கூடாது, துணி சொல்ல வேண்டும்.

துணி எப்படிச் சொல்லும் என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. செம்பை நீக்கும் மருந்துகளில் பல அமோனியா கலந்தவை. ஆஸ்திரேலியாவின் ஸ்வீட்ஸ் 7.62 அந்த வகையில் பழைய பெயர். மூக்கைத் துளைக்கும் வாடை. அதைப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் குழலில் விட வேண்டாம் என்பார்கள். அமோனியா செம்போடு சேர்ந்தால் கரையும் நீலம் உண்டாகும். துணி நீலமாக வந்தால் உள்ளே இன்னும் செம்பு இருக்கிறது என்று பொருள். வெள்ளையாக வந்தால் முடிந்தது. இதை நம்பித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை மனிதர் மணிக்கணக்கில் துடைத்துக்கொண்டிருக்கிறார், துணியும் நீலமாகவே வந்துகொண்டிருக்கிறது. அவர் துணியைக் குத்தி உள்ளே தள்ளும் அந்தக் கம்பி முனை பித்தளையால் ஆனது. பித்தளையில் பாதிக்கு மேல் செம்பு. குழல் எப்போதோ சுத்தமாகிவிட்டது. நீலம் வருவது கம்பி முனையிலிருந்து.